படம் வரைந்து பாகங்களைக் குறி

சூடாமணியின் இடது காதை வரையாதவர்கள் அந்த ஓவியத் துறையில் ஒருவரும் கிடையாது. ஏழுகல் தோடு போட்ட காது. கரித்துண்டில் வரைந்தார்கள், பென்சிலில் வரைந்தார்கள், ஒரு பையன் கேன்டீன் டீயைத் தொட்டுக்கூட வரைந்தான். அந்தக் காது எத்தனை தாளில் இருக்கிறது என்று கேட்டால் துறையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. சூடாமணி வரைந்த தாள் எங்கே என்று கேட்டால் இன்னும் சுத்தம். இத்தனைக்கும் அவள் அங்கே காதைக் காட்ட வந்தவள் இல்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓவியம் படிக்க வந்தவள்.

வயது ஐம்பத்து நான்கு. பந்தடித் தெரு ஒன்றில் மாடி வீடு. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசல்படி தாண்டினால் தமிழ் என்று வளர்ந்தவள். கணவர் ராமதாஸ் சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். சத்தம் போடமாட்டார், சாப்பாட்டில் நொட்டை சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு "கண்ணாடி எங்கே?" என்று கேட்பார். "நெற்றியில்" என்பாள். இறக்கி மாட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். கண்ணாடி போட்ட பிறகாவது எதிரில் நிற்கிறவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்க்கலாம் அல்லவா? அது அவருக்குத் தோன்றியதில்லை. அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் ஆண்கள் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்!

சூடாமணிக்குப் படம் வரைய வரும். இது தெருவுக்கே தெரிந்த விஷயம். மகன் விஜய்ஆனந்த் பிளஸ் டூ படித்தபோது அவனுடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம், தவளையின் செரிமான மண்டலம், கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகள். நடுங்காத ஒற்றைக் கோடு, அழித்து எழுதிய தடமே இருக்காது. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஸ்கேல் வைத்து வலதுபக்க ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் பாகத்தின் பெயர். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் மகளின் நோட்டைக் கொண்டுவந்தாள். பிறகு எதிர்வீடு. பிறகு நாத்தனார் மகள், அவளுடைய தோழி, தோழியின் தம்பி. வருஷா வருஷம் தை மாதம் பிறந்தால் சூடாமணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தவளைகள் மல்லாந்து கிடக்கும். தெருவில் இன்று டாக்டராக இருக்கிற இரண்டு பேர் முதன்முதலில் பார்த்த மனித இதயம் சூடாமணி வரைந்த இதயம்தான். அட்டையில் அவரவர் பெயர், அவரவர் வகுப்பு. வரைந்தவள் பெயர் எதிலும் கிடையாது. ரெக்கார்டில் அம்மா பெயரையோ அத்தை பெயரையோ போட்டால் மார்க் போடுவார்களா என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப்போன ராமதாஸ் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்தின் ஏதோ ஓர் அறையைச் சொன்னார்கள். அந்த நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பெயர் குறிக்கக்கூடியவள் அவள். அவருக்குள் இருந்ததில் எது எப்போது பழுதானது என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

மகன் புனேயில் கம்ப்யூட்டர் வேலை. காரியம் முடிந்து அவன் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம் தமிழ், காய்காரியிடம் தமிழ். வீட்டு பாஷை ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் பேசுகிற பாஷை ஆகிவிட்டது. மற்ற நாட்களில் அவள் அதில் தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொள்வாள். பால் பொங்கிவிட்டது, மழை வரும்போல இருக்கிறது, இப்படி. பதில் வராத பாஷையில் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது?

அப்போதுதான் பேப்பரில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பல்கலைக்கழக ஓவியத் துறை, இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு, வயது வரம்பு இல்லை. மகனிடம் கேட்டாள். "போங்கம்மா, பொழுது போகும்" என்றான். பொழுது போவதற்காக அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு தாளாவது தன் பெயரில் வரைய வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. யாருக்காகவும் இல்லாத தாள். அதை மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்று போனை வைத்துவிட்டாள்.

பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி, திருமங்கலம் போகும் வழியில் இறங்கி, கருவேலம் புதர்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் துறை. வகுப்பில் அவளைத் தவிரப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அவள் மகனைவிடச் சின்னவர்கள். முதல்நாளே "ஆன்ட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. பஸ்ஸில் இடம் போட்டுக் கொடுப்பார்கள், கனமான பலகையைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். செல்போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "சாப்டீங்களா ஆன்ட்டி?" என்பார்கள். அதற்கு மேல் அவளிடம் கேட்க அவர்களுக்கு எதுவும் இல்லை. கோகுல்நாத் என்று ஒருவன், மஹால் பக்கத்துப் பையன், அவளுடைய ஆட்கள்தான். ஆசையாக வீட்டு பாஷையில் "எந்தத் தெரு?" என்று கேட்டாள். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னான். அதன் பிறகு அவள் அந்தப் பாஷையை வகுப்பில் எடுக்கவில்லை.

உயிருள்ள ஆளை எதிரில் உட்கார வைத்து வரைகிற வகுப்பு அங்கே முக்கியம். நடுவில் ஒரு மேடை, மேடையில் ஒரு மரநாற்காலி, சுற்றிலும் அரைவட்டமாக வரைபலகை வைக்கும் ஸ்டாண்டுகள். நாற்காலியில் உட்காருகிறவர் காளை. ஆஸ்டின்பட்டிப் பக்கம் ஊர், அறுபது வயது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அப்படியே சிலைமாதிரி இருப்பார். பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளில் மகளுக்குப் பிரசவம் என்று காளை வரவில்லை. ஆசிரியர் நைனா முகமது மேடையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிடுசிடுப்பான மனிதர் இல்லை, மறதிக்காரர். ஒரு கையில் சாக்கட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அதைத் தேடுகிற ரகம்.

"சார், ஆன்ட்டிய உக்கார வைக்கலாமே" என்றான் கோகுல்நாத். "செம ஃபேஸ் சார் அவங்களுக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்களுக்குச் சிரமம் இல்லையேம்மா? இன்னைக்கு ஒருநாள்" என்றார் நைனா முகமது.

சூடாமணிக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த வார்த்தை அவள் வாய்க்குள் எங்கோ இருந்திருக்கும், தேடி எடுப்பதற்குள் ஆகவேண்டியது ஆகிவிடும். கரித்துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையேறி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு நடந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பிடித்த பென்சிலால் அளந்து, தாளைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார்கள். மூச்சுவிடும் சத்தமும் கரி உரசும் சத்தமும் மட்டும்தான். கல்யாணப் பந்தலில்கூட யாரும் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அங்கே எல்லோரும் நகையைப் பார்த்தார்கள். சூடாமணிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை. புருஷன் போய் இரண்டு வருஷம் முடியாதவளுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிய பிறகும் சந்தோஷம் போகவில்லை.

"அசையவே இல்ல ஆன்ட்டி நீங்க! சூப்பர்" என்றாள் ருமானா. முனிச்சாலைப் பெண், வகுப்பிலேயே நன்றாக வரைகிறவள். அசையாமல் இருப்பது என்ன பெரிய வித்தை? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரமாக நின்று பழகிய உடம்பு அது.

ஒருநாள் என்றது ஒரு வாரமாயிற்று. காளை திரும்பி வந்து, பேத்தி பிறந்த மிட்டாயைக் கொடுத்துவிட்டு, இடுப்பு பிடித்திருக்கிறது என்று போய்விட்டார். பிள்ளைகளுக்கும் சூடாமணியைத்தான் பிடித்திருந்தது. "ஆன்ட்டி, அந்த மெரூன் சேலையில வாங்க, நிழல் நல்லா விழும்" என்பார்கள். அவளும் முந்தினநாளே மெரூன் சேலையை எடுத்து மடித்து வைப்பாள். யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் பஸ் ஏறுவாள். சுவரோரம் அவளுடைய ஸ்டாண்டு நின்றது. அதில் கிளிப் போட்டு மாட்டிய வெள்ளைத் தாள் ஓரத்தில் பழுத்தது. பிள்ளைகள் அந்த ஸ்டாண்டில் தங்கள் பைகளை மாட்டத் தொடங்கினார்கள். அவள் நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாளைக்கு வரைந்துகொள்ளலாம். இப்படித்தான் சொல்லிக்கொண்டாள். பருவத்தின் முடிவில் ஒவ்வொருவரும் தாங்கள் வரைந்ததை வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் மேடை ஏறினாள். நாற்காலியை விட்டு இறங்கினால் அந்தக் கண்களும் போய்விடுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன், "என்னம்மா வரைஞ்சீங்க? ஒண்ணுகூட அனுப்பலையே" என்று கேட்டான். செல்போனில் ருமானா வரைந்த படம் ஒன்று இருந்தது, சூடாமணியின் முகம். யார் வரைந்தது என்று சொல்லாமல் அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கூப்பிட்டான்.

"அம்மா, உங்களையே வரைஞ்சிருக்கீங்களா? அப்படியே இருக்கும்மா." பிறகு அவன் குரல் இறங்கியது. "ஏம்மா இவ்வளவு சோகமா வரைஞ்சிருக்கீங்க? நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். நிழல் அப்படி விழுந்திருச்சு" என்றாள். நான் வரையவில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்துப் பெயரை விட்டவள் முதன்முதலாக இன்னொருத்தி வரைந்ததில் தன் பெயரை ஒட்டவிட்டுவிட்டாள். இரவெல்லாம் அது அவளை அறுத்தது.

மறுநாள் வகுப்புக்குச் சீக்கிரமாகவே போனாள். சுவரில் எல்லோருடைய படங்களும் குத்தியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோகுல்நாத் வரைந்ததில் கன்னம் உப்பியிருந்தது, சத்யப்ரியா வரைந்ததில் சூடாமணிக்குப் பத்து வயது கூடியிருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஆனாலும் எல்லாப் படத்திலும் அந்த அம்மாள் யாரோ வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பதுபோல் இருந்தது. நான் இப்படி இல்லையே என்று நினைத்தாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து பொய் வரைவார்களா? நாற்காலியில் தான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஓவியர் ஒருவர் துறையைப் பார்க்க வந்தார். குட்டை முடி, பருத்திப் புடவை, கலகலப்பான அம்மாள். சூடாமணி அன்றைக்கு என்ன ஆனாலும் ஏறக்கூடாது என்று தன் ஸ்டாண்டில் கிடந்த பைகளைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, கரித்துண்டைக் கையில் பிடித்தபடி அதன் பக்கத்தில் நின்றாள். நைனா முகமது விருந்தாளியை ஒவ்வொரு மாணவரிடமும் கூட்டிப்போனார். இது ருமானா, இது கோகுல்நாத், இது சத்யப்ரியா. சூடாமணியிடம் வந்தார்கள்.

"இவங்க?" என்றார் சென்னை அம்மாள்.

"இவங்கதான் நம்ம மாடல்" என்றார் நைனா முகமது. முகமெல்லாம் மலர்ந்து, பெருமையாகத்தான் சொன்னார். "அருமையா உக்காருவாங்க. இந்தச் செவுத்துல இருக்கிறது பூராம் இவங்கதான்."

"ரொம்ப நல்ல முகம்" என்றார் அந்த அம்மாள். இருவரும் நகர்ந்தார்கள்.

இவங்களும் மாணவிதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது தப்பாகவே படவில்லை. சூடாமணியும் சொல்லவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கையில் கரி பிசுபிசுத்தது. அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பழங்காநத்தம் வரும்வரை அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை, அப்படியே போய்விட்டார். பிறகு அவளே கூப்பிட்டு வாங்கினாள்.

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு அடுத்தநாளும் போகவில்லை. போன் வரும் என்று அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று ஒருவராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒரு வாரம் போயிற்று. ஒரு காலையில் கோகுல்நாத் கூப்பிட்டான்.

அவன் முதன்முதலாக வீட்டு பாஷையில் பேசினான். சூடாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "சொல்லுப்பா" என்றாள். எவ்வளவு நன்றாகப் பேசுகிறான்! இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தான்?

"ஆன்ட்டி, எப்ப வருவீங்க? உங்க கழுத்து எனக்குப் பாதியில நிக்குது. சப்மிஷன் வருதுல்ல, கழுத்து மட்டும் முடிச்சாப் போதும். ஒரே ஒருநாள் வந்துட்டுப் போயிருங்களேன்."

"கழுத்தா?"

"ஆமா ஆன்ட்டி. ருமானாவுக்குக் காது முடிஞ்சிருச்சாம். எனக்குத்தான் கழுத்து."

பார்க்கலாம்ப்பா என்று வைத்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. எழுந்துபோய் மேஜையைத் துடைத்து, பெரிய தாள் ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

எதை வரைவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்தது எல்லாம் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அரைவட்டமாகப் பன்னிரண்டு ஸ்டாண்டுகள். அவற்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற பன்னிரண்டு முகங்கள். ருமானா நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோகுல்நாத் ஒரு கண்ணை இறுக்கி மூடிப் பென்சிலை நீட்டியிருந்தான். சத்யப்ரியா தலையைச் சாய்த்திருந்தாள். பின்னால் நைனா முகமது நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் யாரும் உட்காரவில்லை, பழைய போட்டோவும் இல்லை. இருந்தும் எந்த மூக்கும் அவளை ஏமாற்றவில்லை. அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவளும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! நிழல் போடவில்லை, கரியைத் தொடவில்லை. தவளைக்குப் போட்ட அதே ஒற்றைக் கோடு. சுவரோரத்தில், பைகள் தொங்கும் ஸ்டாண்டையும் வரைந்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தபோது ஏதோ குறைந்தது. கை பழக்கதோஷத்தில் ஸ்கேலை எடுத்தது. ருமானாவின் கண்ணில் வைத்து வலதுபக்க ஓரத்துக்கு ஒரு நேர்க்கோடு இழுத்தாள். அதன் நுனியில் ரெக்கார்டு எழுத்தில் "காது" என்று எழுதினாள். கோகுல்நாத்தின் கண்ணிலிருந்து ஒரு கோடு, "கழுத்து". சத்யப்ரியாவுக்கு "சேலை மடிப்பு". இன்னொருவனுக்குத் "தோட்டின் மினுக்கம்". அடுத்தவளுக்கு "தாடைக்குக் கீழ் நிழல்". யார் எதைப் பார்த்தார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைசியாகச் சுவரோர ஸ்டாண்டிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். அதன் நுனியில் "சூடாமணி" என்று எழுதினாள். ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பாகம் என்று இருந்தால் பெயர் குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சப்மிஷன் அன்று அந்த ஒற்றைத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் நுழைந்ததும், "ஐ, ஆன்ட்டி வந்துட்டாங்க!" என்று கோகுல்நாத் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தான்.

"உக்கார வரலப்பா" என்றாள் சூடாமணி. அந்த வார்த்தை அவ்வளவு எளிதாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "நானும் சப்மிட் பண்ணனும்ல."

நைனா முகமது நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது. முதலில் அவளுடைய அடையாள அட்டை, பிறகு சுவரோர ஸ்டாண்டு, பிறகு சென்னையிலிருந்து ஆள் வந்த நாள். "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, அவரே வந்து தாளை வாங்கிச் சுவரில் குத்தினார்.

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரே சிரிப்பு. "டேய், உன் மூக்கப் பாருடா!", "ஏய், நாக்க வெளிய வச்சிருக்கடி", "சார், நீங்க செல்லப் பாக்குறீங்க சார்!" கோகுல்நாத் ஓரத்தில் எழுதியதைச் சத்தமாகப் படித்தான். "மாப்ள, எனக்குக் கழுத்தாம்டா!" படித்துக்கொண்டே கீழே வந்து, கடைசிக் கோட்டில் நின்றுவிட்டான். அந்தக் கோட்டின் வழியே விரல் வைத்துப் போய்ப் பார்த்தான். ஸ்டாண்டில் தொங்கிய பைகளில் ஒன்று அவனுடையது. அதன் பொத்தான் வரைக்கும் வரைந்திருந்தாள்.

ருமானா சிரிக்கவில்லை. எல்லாக் கோட்டையும் ஒருமுறை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

"ஆன்ட்டி, யாருக்குமே 'முகம்'னு போடலையே?"

"யாரும் அதப் பாக்கலையேம்மா" என்றாள் சூடாமணி. கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நைனா முகமது தொண்டையைச் செருமினார். "என்னய மன்னிச்சிருங்கம்மா. அடுத்த வாரத்திலருந்து நீங்க ஸ்டாண்டுல நில்லுங்க. காளைய வரச் சொல்றேன்." ஒரு தாள்தான் இருக்கிறதே சார் என்று அவள் இழுத்தாள். "மத்தத மெல்ல வரைஞ்சு கொண்டாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்றிரவு படத்தை மகனுக்கு அனுப்பினாள். முன்பு அனுப்பியது தான் வரைந்தது இல்லை என்பதையும் எழுதினாள். அவன் உடனே கூப்பிட்டு, "அதனால என்னம்மா" என்றான். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்போல, "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டான். "எதிர்ல உக்காந்திருக்கேன்" என்றாள். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சாப்பிட்டுத் தூங்குங்கம்மா என்று வைத்துவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை காளை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே பார்வை. பிள்ளைகள் சூடாமணியின் ஸ்டாண்டை அரைவட்டத்துக்குள் இழுத்துப்போட்டு, புதுத் தாள் மாட்டி வைத்திருந்தார்கள். அவள் போய் நின்றாள். பென்சில்கள் நீண்டன, கண்கள் மூடித் திறந்தன, எல்லாம் காளையை நோக்கி. அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. திரும்ப என்ன இருக்கிறது? அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் மனசு அந்த நாற்காலிக்கு ஏங்கத்தான் செய்தது. காதையாவது பார்த்தார்களே, கழுத்தையாவது பார்த்தார்களே என்று இருந்தது. இனிமேல் அதுவும் இல்லை. இந்த வெறுமையை அவள் எதிர்பார்க்காமல் இல்லை. இவ்வளவு சீக்கிரம் வரும் என்றுதான் நினைக்கவில்லை.

கரித்துண்டை எடுத்தாள். மற்றவர்கள் காதிலோ தாடையிலோ தொடங்கியிருந்தார்கள். அவள் கண்ணிலிருந்து தொடங்கலாம் என்று காளையின் கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் காளைக்கு என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். ஜன்னலை விட்டுவிட்டு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன தாயி, என்னயவே பாக்குறீக?"

"வரையத்தாண்ணே. திரும்பாதீங்க, அப்படியே என்னப் பாருங்க."

"இம்புட்டு வருசத்துல ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல தாயி" என்றார் காளை. அவர் கண் ஓரம் ஈரமாக இருந்தது. வயதுக்கு அப்படி இருப்பதுதானோ என்னவோ.

"ஐயோ, காளையண்ணே!" என்று வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "திரும்பிட்டீங்க, காது போச்சு! பழையபடி ஜன்னலப் பாருங்கண்ணே!"

காளை திரும்பவில்லை. சூடாமணியும் கண்ணை எடுக்காமல், தாளைப் பார்க்காமலே முதல் கோட்டைப் போட்டாள்.